சொர்ணாம்பாள் பாட்டு கேட்கிறாள்

கம்பெனி கேட்டருகே வைத்திருக்கும் நீலத் தொட்டியில் போனைப் போட்ட கையோடு சொர்ணாம்பாள் இரண்டு காதிலும் வயரைச் செருகிக்கொள்கிறாள். செருப்பைக் கழற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வயர் கழுத்து வழியாக இறங்கி மாராப்புக்குள் போய் மறைகிறது. அங்கே ரவிக்கை ஓரத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி கிளிப் போட்டு மாட்டியிருக்கிறது. புடவைக்கு மேலாகவே அதன் பொத்தானை ஒருமுறை அழுத்துகிறாள். தலையை லேசாக ஆட்டிவிட்டுக் கொட்டகையைப் பார்த்து நடக்கிறாள். "காலங்காத்தாலயே கச்சேரி ஆரம்பிச்சாச்சா?" என்று வாட்ச்மேன் கேட்கிறார். பதில் வராது என்று தெரிந்துதான் தினமும் கேட்கிறார்.

சொர்ணாம்பாளுக்கு நாற்பத்தெட்டு வயது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டின் பின்வரிசையில் இருக்கும் ஒரு பொம்மைக் கம்பெனியில் பினிஷிங் வேலை. கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, அது இறுகியதும் அச்சைப் பிரித்தால் பொம்மை வரும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில், உச்சந்தலை முதல் உட்காரும் இடம் வரைக்கும் ஒரு பிசிறும் கூடவே வரும். அந்தப் பிசிறைச் சின்னக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாக அடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் யானைக்குத் தும்பிக்கை போய்விடும், பிள்ளையாருக்குக் காது போய்விடும். அதிகம் விற்பது, தொந்தியைத் தள்ளிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கும் குண்டுச் சாமி. நாள் பூராவும் அந்தச் சிரிப்பை எதிரில் வைத்துக்கொண்டு சீவுவதில் சொர்ணாம்பாளுக்கு ஒரு சலிப்பு உண்டு. "இவனுக்கு மட்டும் எங்கேர்ந்துதான் வருதோ இந்தச் சிரிப்பு. வூட்ல ஒரு வேலையும் இருக்காது போல" என்பாள்.

ஆள் ஒல்லி. முழங்கை வரைக்கும் மண் காய்ந்து வெளுத்திருக்கும். இப்போது எல்லோரும் அவளைப் பேச்சுக் குறைந்தவள் என்கிறார்கள். முன்பு அவள் வாயிலிருந்து ஓயாமல் ஒரு சொல் வந்துகொண்டிருக்கும். "தோ வரேன்." வீட்டில் புருஷன் கூப்பிட்டால் தோ வரேன். பக்கத்து வீட்டில் கேஸ் சிலிண்டரை உருட்டிவிட ஆள் தேடினால் தோ வரேன். கம்பெனியில் பலகை தூக்க, தண்ணீர் பிடிக்க, யாருக்காவது மயக்கம் வந்தால் முகத்தில் தெளிக்க, எல்லாவற்றுக்கும் முதலில் வாயில் வரும் பெயர் சொர்ணா. ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. கூப்பிட்டால் வருகிறவளைத்தானே கூப்பிடுவார்கள். சிலருக்கு முகமே அப்படி அமைந்துவிடுகிறது. பார்த்ததும் மற்றவர்களுக்குத் தங்கள் வேலை ஞாபகம் வந்துவிடும்.

பாட்டுப் பெட்டி மகன் திலீபனுடையது. காலேஜில் கூடப் படித்த மங்கலம்பேட்டைப் பையனின் அப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்ததை அவன் கேட்டு வாங்கி வைத்திருந்தான். ஒரகடத்தில் வேலை கிடைத்துப் போனபோது, இதையெல்லாம் இனிமேல் யார் கேட்பார்கள் என்று அலமாரியில் போட்டுவிட்டுப் போனான். அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் போனுக்குத் தடை வந்தது. அச்சுப் பக்கத்து ஆள் ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒரு பலகை நிறையப் பிள்ளையாரைக் கவிழ்த்துவிட்டான். அன்றிலிருந்து கேட்டில் நீலத் தொட்டி. சொர்ணாம்பாள் கொண்டுவந்த பெட்டியைச் சூப்பர்வைசர் கோதண்டபாணி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பேச முடியாதுல்ல? படம் வராதுல்ல? அப்ப இது போன் இல்ல. வெச்சிக்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

பாடிக்கொண்டிருந்த காலத்தில் அது நல்ல பெட்டிதான். ஆனால் தன்னிஷ்டத்துக்குப் பாடும். திரை கிடையாது; அடுத்து என்ன வரும் என்பது அதற்குத்தான் வெளிச்சம். அம்மாவுக்காகத் திலீபன் ஏற்றிக் கொடுத்த மாரியம்மன் பாட்டு உருக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். அது முடிந்த கையோடு அவன் காலேஜில் கேட்ட குத்துப்பாட்டு வந்து காதுக்குள் மேளம் அடிக்கும். கையெல்லாம் மண்ணாக இருக்கும்போது எதைத் தொட்டு மாற்றுவது? வருவதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். சோகப் பாட்டு ஒன்று பாதியில் சிக்கிக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் புலம்பும். நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினால்தான் நகரும். சார்ஜ் சில நாள் வாரம் முழுக்க நிற்கும், சில நாள் காலை டீக்கே படுத்துவிடும். காது ரப்பர் ஒன்று தொலைந்துபோனதால் பஞ்சைச் சுற்றி வைத்திருந்தாள். "கொற சொல்ல மாட்டேன். நாம சொல்றத அது கேக்காதுதான். ஆனா நமக்கு ஒரு வேலையும் சொல்லாது" என்று அதற்குச் சான்றிதழ் கொடுத்திருந்தாள்.

போன வருடம் ஐப்பசி மழையில் அதற்குக் கண்டம் வந்தது. டீ நேரத்தில், "சொர்ணா, அந்தக் கரைசல கொஞ்சம் கலக்கி வுட்டுட்டு வாயேன்" என்று யாரோ சொல்ல, தோ வரேன் என்று போய்ப் பீப்பாய் மேல் குனிந்தாள். பெட்டி கிளிப்பிலிருந்து நழுவி மண் கரைசலுக்குள் விழுந்தது. தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவி எடுத்தாள். அரிசிக்குள் புதைத்து வை என்றாள் ஒருத்தி. வெயிலில் வை என்றாள் இன்னொருத்தி. சொர்ணாம்பாள் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈரமான சாமானை என்ன செய்ய வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியாதா? அச்சிலிருந்து வந்த பொம்மையை உடனே வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து விரிசல் விட்டுவிடும். அதனால் ஈரத்துணி போர்த்தி, நிழலில் மெதுவாக ஆறவிட்டு, அப்புறம்தான் சூளைப் பக்கத்துச் சூட்டுக்குக் கொண்டுபோவார்கள். பாட்டுப் பெட்டிக்கும் அதையேதான் செய்தாள். ஈர ஸ்பாஞ்சால் பதமாகத் துடைத்தாள். ஈரத்துணியில் சுற்றினாள். குண்டுச் சாமிகளுக்கு நடுவில் நிழல் பலகையில் வைத்தாள். "ஒரே அடியா காய வெச்சா வெடிச்சிடும். மெதுவாத்தான் ஆவணும்" என்று கேட்டவர்களுக்கு விளக்கம் வேறு. யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. மறுநாள் காலையில் துணி காய்ந்திருப்பதைப் பார்த்த கோதண்டபாணி, தானே கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

மங்கலம்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் இஃப்திகார் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே மண் சந்து பொந்தெல்லாம் நிரம்பி, நன்றாக இறுகி, ஒரு கீறல் விரிசல் இல்லாமல் காய்ந்திருந்தது. "யக்கா, உள்ள ஒரு பொம்மையே செஞ்சி வெச்சிருக்கீங்களே" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. இது மவுத்தா போச்சி." புதுசாக ஒன்றை எடுத்துக் காட்டினார். சொர்ணாம்பாள் வேண்டாமென்று சொல்லிப் பழையதையே மூடி வாங்கிக்கொண்டாள். மகன் பொருள், தூக்கிப் போட மனசு வரவில்லை. அப்போது அவளுக்கு வேறு நினைப்பு எதுவும் இல்லை.

அடுத்த நாள் பழக்க தோஷத்தில் வயரைக் காதில் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கழற்றுவதற்குக் கையைத் தூக்கினாள். அதற்குள் பக்கத்து வரிசை ராஜாம்பாள் பலகை தூக்க ஆள் வேண்டி, "சொர்ணா" என்று கூப்பிட்டாள். தோ வரேன் தொண்டை வரை வந்துவிட்டது. "அத வுடு, அது பாட்டு கேக்குது" என்று வேறு யாரோ சொன்னார்கள். ராஜாம்பாள் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டாள். பலகை போய்ச் சேர்ந்தது. பெட்டி பாடிய காலத்திலும் இப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் அப்போது பாட்டு காதை அடைத்திருந்ததால் அவளுக்கு அது தெரிந்ததில்லை. தன்னைக் கூப்பிட்டு, தான் போகாமல், காரியம் எப்படியோ நடந்து முடிவதை அவள் தன் காதால் கேட்டது அன்றுதான். தூக்கிய கையைக் கீழே இறக்கிக் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடமாகச் சொர்ணாம்பாள் பாடாத பெட்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மங்கலம்பேட்டைக் கடைக்காரர் சரி பண்ணிக் கொடுத்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. செத்த பெட்டியைப் பாட வைப்பதற்கும் பாடுபடத்தான் வேண்டியிருக்கிறது. அவ்வப்போது தலையை ஆட்ட வேண்டும். கால் கட்டைவிரலால் தாளம் போட வேண்டும். வாரம் ஒரு தடவை, நாலு பேர் பார்க்க, கம்பெனி பிளக்கில் சார்ஜ் போட வேண்டும். யாராவது எதிரே வந்து நின்று, "இன்னா பாட்டுக்கா?" என்று கேட்டால், ஒரு வயரை மட்டும் தளர்த்தி, "பழசு" என்பாள். ஒரு காதைக் கொடு, நானும் கேட்கிறேன் என்று வந்தவளிடம், "காதுல சீழு வடியுது, ஒனக்கும் ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டாள். சீழ் வடிகிற காதில் வயர் எதற்கு என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. சீழ் என்றதுமே நகர்ந்துவிட்டாள்.

மகன் போன் பண்ணும்போதெல்லாம் இதையே கேட்பான். "ஏம்மா, இன்னும் அந்தப் பழசையே வெச்சிக்கிட்டு. நான் புதுசு அனுப்புறேன். இப்பல்லாம் வயரே இல்லாம வருது."

"வேணாம்பா. வயரு இருந்தாத்தான் நல்லது."

"எதுக்கு?"

"இருந்தா நல்லது, அவ்ளோதான்" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

வீட்டில் சாமிதுரை இருக்கிறார், அவள் கணவர். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கி முதுகு போய், இப்போது கட்டிலோடு கட்டிலாக இருப்பவர். நல்ல மனிதர். இந்த வயது வரை அவள் மேல் கை ஓங்கியதில்லை. கூப்பிடுவது மட்டும்தான். தண்ணி என்பார், ஃபேன் என்பார், ரிமோட் எங்கே என்பார். ரிமோட் தலைமாட்டில் இருக்கும். ஒரு நாள் பின்பக்கம் பாத்திரம் தேய்க்கும்போது சொர்ணாம்பாள் வயரைச் செருகியிருந்தாள். உள்ளிருந்து குரல் வந்தது. மறுபடி வந்தது. அப்புறம் ஓய்ந்தது. கட்டில் கிறீச்சிட்டது. குடத்து மூடியை எடுக்கும் சத்தம், டம்ளர் இடிபடும் சத்தம், மடக் மடக்கென்று தண்ணீர் உள்ளே இறங்கும் சத்தம். கரிச் சட்டியைக் கையில் பிடித்தபடி அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தப் பாட்டையும் அவள் அப்படிக் கேட்டதில்லை. பிறகு மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை. அலுப்புதான். படுத்து எழுந்தாலும் போகாத அலுப்பு. ஒரு தடவை ராஜாம்பாளிடம் மனசு விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "எம் பேர யாராவது சொன்னாலே எனக்கு அலுப்பா இருக்குது ராஜாம்பா." ராஜாம்பாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், "சரி சொர்ணா, அந்தத் தட்ட கொஞ்சம் புடி" என்றாள்.

இந்த நிம்மதிக்கும் ஓர் இடைஞ்சல் வந்து சேர்ந்தது. பெயர் பூர்ணிமா. சித்திரையில் வேலைக்குச் சேர்ந்த பெண், வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். சொர்ணாம்பாளுக்கு நேர் எதிரே, பலகைக்கு அந்தப் பக்கம் இடம் கொடுத்தார்கள். முதல் சில நாள், "அத்தே, இத எப்படி அத்தே புடிக்கணும்" என்று எதையாவது கேட்டாள். வயரைப் பார்த்துவிட்டு, பதில் வராது என்று புரிந்துகொண்டு, கையிலிருக்கும் பொம்மையிடம் பேச ஆரம்பித்தாள். பிறகு பொம்மையையும் விட்டுவிட்டு, நிமிர்ந்து சொர்ணாம்பாளின் முகத்தைப் பார்த்தே பேசினாள். "ஒங்களுக்குக் கேக்காதுன்னுதான் சொல்றேன் அத்தே" என்று முன்னுரை வேறு. மண் அரைக்கும் மெஷின் இரைச்சலில் அந்தக் குரல் பலகையைத் தாண்டி யாருக்கும் போகாது. சொர்ணாம்பாளுக்கு மட்டும் தெள்ளத் தெளிவாக வந்து விழும்.

பூர்ணிமாவுக்குப் புகுந்த வீட்டில் கொடுமை ஒன்றும் இல்லை. அடிப்பதில்லை, வைவதில்லை. கணவன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறான். அவள் போய்ச் சேரும்போது தூங்கிக்கொண்டிருப்பான், அவள் தூங்கும்போது வண்டி எடுத்துக்கொண்டு போயிருப்பான். வீடு நிறைய ஆள்கள். எல்லோருக்கும் காலையில் ஆக்கி வைத்துவிட்டு வந்து, சாயங்காலம் போய் மறுபடி ஆக்க வேண்டும். "யாரும் ஒண்ணும் சொல்றதில்ல அத்தே. அதான் கஷ்டமா இருக்குது. சொன்னாலாவது நானும் நாலு வார்த்த திருப்பிச் சொல்லுவேன்." வெண்பா என்று சின்னப் பெண் ஒன்று இருக்கிறது. இராத்திரி கதை கேட்கும். கதை பாதியிலேயே தூங்கிப் போவது குழந்தை அல்ல, பூர்ணிமாதான். "நேத்து கன்னத்துல தட்டித் தட்டி எழுப்புது. ஒரு அறை வுட்டுட்டேன் அத்தே. அழுவக்கூட இல்ல அது. ஒரு மாதிரி பாத்துச்சி."

சொர்ணாம்பாளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், வாசற்படியில் ஒருத்தி வந்து உட்கார்ந்து அழுகிறாளே என்று இருந்தது. கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது, நாள் பூராவும் பிசிறு சீவுவதைவிடக் கஷ்டம். கோதண்டபாணியிடம் இடம் மாற்றிக் கேட்டாள். "அந்தப் புள்ள வாயே தொறக்காதேம்மா. அது ஒனக்கு இன்னா தொந்தரவு பண்ணுது?" என்றார் அவர். அப்போதுதான் சொர்ணாம்பாளுக்கு உறைத்தது, இந்தப் பெண் தன்னைத் தவிர வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று. அதற்குப் பிறகு எரிச்சல்படவும் முடியவில்லை. பெட்டிக்கு உயிர் இருந்தால் அந்தக் குத்துப்பாட்டைப் போட்டாவது இந்தக் குரலை மூழ்கடிக்கலாமே என்று நினைத்த நாள்கள் உண்டு.

சின்னச் சின்னதாக எதையோ செய்தாள். முந்தின இரவு தூங்கவில்லை என்று பூர்ணிமா சொன்ன நாள்களில், தும்பிக்கை தந்தமெல்லாம் பார்த்துச் சீவ வேண்டிய யானைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அகல் விளக்குகளை அவள் பக்கம் நகர்த்திவிடுவாள். அவள் ஸ்பாஞ்சு காய்ந்திருந்தால் நனைத்து வைப்பாள். காது கேட்காதவள் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? பூர்ணிமா அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. ஒரு வார்த்தை பேசிவிடலாமா என்று பல தடவை தோன்றியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு வாயைத் திறந்தால் நேற்று வரைக்கும் கேட்டதெல்லாம் திருட்டாகிவிடும். அந்தப் பெண் மறுபடி முகத்தில் முழிக்குமா? கம்பெனி முழுக்கவும் தெரிந்துவிடும். பிறகு இந்த ஒரு வருடத்து ஓய்வும் போய்விடும், சொர்ணா சொர்ணா என்று மறுபடி ஆரம்பித்துவிடும். இப்படியே நாள் தள்ளிப்போயிற்று.

இது புரட்டாசி. கொலு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இன்று காலையில் பூர்ணிமா சாப்பாட்டுக் கூடையோடு, ஊருக்குப் போகிறவர்கள் எடுத்துப் போகிற ஜிப் வைத்த பை ஒன்றையும் கொண்டுவந்தாள். அதைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். காலை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனையோ நாள் இந்தப் பெண் வாயை மூடிக்கொண்டிருக்காதா என்று ஏங்கிய சொர்ணாம்பாளுக்கு, அது மூடியிருந்தபோது கைவேலையில் கவனம் நிற்கவில்லை. யானைத் தந்தம் ஒன்றை உடைத்தாள். இந்த வருடத்தில் அவள் உடைத்த முதல் தந்தம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் குழாயடிக்குப் போயிருந்தார்கள். மெஷின் நின்றிருந்தது. பூர்ணிமா ஒரு குண்டுச் சாமியின் தொந்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கு வூட்டுக்குப் போவல அத்தே. சாயங்காலம் சேலம் வண்டியில ஏறி, அங்கேர்ந்து திருப்பூரு போறேன். கூடப் படிச்சவ ஒருத்தி பனியன் கம்பெனியில இருக்குறா. ரூம்ல எடம் இருக்குதாம்."

சொர்ணாம்பாளின் கத்தி நிற்காமல் சீவிக்கொண்டிருந்தது. எதைச் சீவுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பாப்பாவ அவங்க பாத்துப்பாங்க. நல்லாத்தான் பாத்துப்பாங்க. கொஞ்ச நாளு தேடும். அப்புறம் மறந்துடும், சின்னதுதானே. நான் வேற எதுக்கும் போவல அத்தே. ஒரு தூக்கம் தூங்கணும். யாரும் எழுப்பாம. அவ்ளோதான்."

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். தொந்தி தேய்ந்துகொண்டே வந்தது.

"பாப்பா துண்டு ஒண்ணு பைக்குள்ள வந்துடுச்சி. மடிக்கும்போது சேந்துடுச்சி போல. பஸ்ஸுலதான் பாத்தேன்." காலால் பையை இன்னும் உள்ளே தள்ளினாள். "யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போவணும்னு இருந்துச்சி. அதான் ஒங்ககிட்ட சொல்றேன். ஒங்களுக்குத்தான் கேக்காதே."

என்ன சொல்வது? போகாதே என்று சொல்லச் சொர்ணாம்பாளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒரு தூக்கம் தூங்க ஆசைப்படுவது தப்பா? திலீபன் கைக்குழந்தையாக இருந்தபோது அவளும் ஒரு நாள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜங்ஷன் வரை போயிருக்கிறாள். எந்த வண்டி எங்கே போகும் என்று தெரியாமல் நின்றுவிட்டு, அவன் பாலுக்கு அழுததும் திரும்பிவிட்டாள். திரும்பியது சரியா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. போ என்று சொல்லவும் வாய் வராது. அங்கே ஒரு குழந்தை சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எதையும் சொல்லாமல் இருந்துவிட்டால்? இருந்துவிடலாம். யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. பாட்டு கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு என்ன தெரியும்? நாளைக்கு எதிரே வேறு ஒருத்தி வந்து உட்காருவாள். ஒரு நிமிடம் சொர்ணாம்பாள் அப்படியும் நினைத்துப் பார்த்தாள்.

ஆனால் இந்தப் பெண், இத்தனை மாதமும் சுவரோடுதான் பேசினோம் என்று நினைத்துக்கொண்டே வண்டி ஏறிவிடுவாள். அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

கத்தியைக் கீழே வைத்தாள். கையை ஸ்பாஞ்சில் துடைத்து, முந்தானையிலும் துடைத்துக்கொண்டாள். பலகையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். காதிலிருந்து இரண்டு வயரையும் கழற்றி, பூர்ணிமாவின் முடியை ஒதுக்கிவிட்டு, அவள் காதில் ஒவ்வொன்றாகச் செருகினாள். மாராப்புக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

பூர்ணிமா மிரண்டு, பிறகு சிரித்தாள். "இன்னா பாட்டு அத்தே?" என்றாள்.

சொர்ணாம்பாள் பொத்தானை அழுத்திக் காட்டினாள்.

பூர்ணிமா பாட்டு வரும் என்று தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. தானே ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். பெட்டியைக் காதருகே தூக்கி ஆட்டினாள். உள்ளே காய்ந்த மண் ஒரு துணுக்கு உடைந்து கடகடத்தது. ஓரத்துச் சந்தில் வெள்ளையாக இறுகிக் கிடந்த மண்ணைப் பார்த்தாள். தினமும் சீவும் மண்தான். விரல் நகத்தால் அதைச் சுரண்டினாள். சுரண்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. தலை மட்டும் மெல்ல நிமிர்ந்து சொர்ணாம்பாளைப் பார்த்தது.

"அத்தே" என்றாள். "அப்ப எல்லாமே..."

"எல்லாமேதான்" என்றாள் சொர்ணாம்பாள்.

பூர்ணிமாவின் முகம் முதலில் சிவந்தது. கோபமா, வெட்கமா, அவளுக்கே தெரிந்திருக்காது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள். பிறகு உடைந்துவிட்டாள்; தோளெல்லாம் குலுங்கியது. குழாயடியிலிருந்து ஆள்கள் திரும்பி வரும் பேச்சுச் சத்தம் கேட்டது. சூளைப் பக்கமிருந்து ராஜாம்பாளின் குரல், "சொர்ணா! ஏ சொர்ணா! இங்க ஒரு கை குடேன்" என்று வந்தது.

சொர்ணாம்பாள் திரும்பவில்லை. மண் வெளுத்த இரண்டு உள்ளங்கைகளையும் பூர்ணிமாவின் காதுகள் மேல் வைத்து அழுத்தி, அப்படியே பொத்திக்கொண்டு நின்றாள்.